படிக்க மட்டும் என்று கொடுத்த சாவி

செலவுப் பில்களைக் கையாளும் மென்பொருளோடு ஏஐ உதவியாளரை இணைக்கும் வேலையில் நீங்கள் இறங்கப் போகிறீர்கள் என்று உங்கள் மேலாளர் சொன்னார். வேறொரு நிறுவனத்தில் அதே வேலையை ஒருமுறை செய்தவள் என்பதால் என்னை நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எப்படி இணைப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இணைத்த பிறகு ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன் என்று பெயர்தான். பாதி நேரம் அந்த மத்தியானத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்து, எழுந்து, கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகங்களுக்கு இயந்திரங்கள் விற்று, பழுது பார்த்தும் கொடுத்தோம். அலுவலகம் மல்லேஸ்வரத்தில் இருந்தது. சர்வீஸ் ஆட்கள் ஆனேக்கல், கோலார், ஓசூர் என்று அலைவார்கள். ஹெல்ப்லைன் பெண்கள் மாலை ஷிஃப்ட் முடிந்து வாடகைக் காரில் வீட்டுக்குப் போவார்கள். அத்தனை பேருடைய பில்லும் மென்பொருள் வழியாக எனக்குத்தான் வரும். கணக்குப் பிரிவின் பொறுப்பு என்னுடையது.

ஒவ்வொரு பில்லுக்கும் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற இடங்களில் அதில் 'பயணம்' என்று ஒரு சொல்லைத் தட்டிவிட்டுப் போவார்கள். எங்களிடம் அது செல்லாது. எனக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஒரு தணிக்கையில் திணறிப்போனவர். முன்பின் தெரியாதவர் படித்தாலும் புரிகிற மாதிரி காரணம் எழுதாத பில் திரும்பி வரும் என்று அவர் விதி வைத்தார். நானும் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள் பிறகு அதில் சுவாரஸ்யமாகிவிட்டார்கள். 'ஆனேக்கல்லில் கடைசி பஸ் போய்விட்டது, ஓசூர்க்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார், அவருக்கு டிபன் வாங்கிக் கொடுத்தேன், நல்ல மனுஷர்' என்று ஒருவர் எழுதுவார். 'மாமனாருக்கு டயாலிசிஸ், அங்கிருந்து நேராக கஸ்டமரிடம் போனேன்' என்று இன்னொருவர். வேலைக்குத் தேவையானதும் தேவையில்லாததும் கலந்து வரும். படிப்பவள் நான் ஒருத்தி என்று எல்லோருக்கும் தெரியும். நான் வெளியே பேசமாட்டேன் என்றும் தெரியும்.

ஹெல்ப்லைனில் நித்யா என்று ஒரு பெண் இருந்தாள். தர்மபுரிப் பக்கம். என் மகள் வயது. என் மகள் அப்போதுதான் புனேயில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் நினைப்பு வரும்போதெல்லாம் நான் ஹெல்ப்லைன் பக்கம் போய் நித்யாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வருவேன். நித்யாவின் கணவன் மகேஷ் எங்கள் விற்பனைப் பிரிவிலேயே வேலை பார்த்தான். கலகலப்பானவன். எல்லோருடைய பிறந்தநாளும் அவனுக்கு நினைவிருக்கும்.

ஒருநாள் நித்யாவின் கார் பில்லில் காரணம் இப்படி இருந்தது: 'கை எலும்பு முறிவு, ஆஸ்பத்திரியில் கட்டு போட்டு வீட்டுக்கு.' நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"பில்லை மட்டும் பாஸ் பண்ணுங்க அக்கா" என்றாள்.

சில வாரம் கழித்து இன்னொரு பில் வந்தது. 'வீடு மாறிட்டேன் அக்கா. இனிமே ஜோகுபாளையம், முனீஸ்வரன் கோயில் பின்னாடி சந்து, பச்சை கேட். மகேஷுக்குத் தெரியாது. யாருக்கும் தெரிய வேண்டாம், ப்ளீஸ்.' நான் அதைப் பாஸ் செய்தேன். அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு சரி. அவன் இருக்கிற அலுவலகத்துக்கே அவள் ஏன் தொடர்ந்து வந்தாள் என்று கேட்பீர்கள். கைக்கடனும் ஊரில் அம்மாவும் இருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு யோசிக்க முடியாது. அவள் ஷிஃப்ட் மாறி, அவன் கிளம்பிய பிறகு வந்துகொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் ஏஐ இணைப்பு வந்தது. எங்கள் எம்.டி.க்கு அதில் பெரிய ஆசை. பில் எங்கே நிற்கிறது, யார் ஒப்புதல் தரவேண்டும் என்று ஆட்கள் எனக்குப் போன் செய்துகொண்டே இருப்பார்கள். இனி உதவியாளரிடம் தமிழிலோ கன்னடத்திலோ கேட்டுக்கொள்ளலாம். இணைத்தவன் கிரண். துமகூர்ப் பையன், எங்களோடு பழகித் தமிழ் பேசுவான். வாரக்கணக்கில் கூட்டம் போட்டோம். உதவியாளர் தானாகவே பில்லைப் பாஸ் செய்துவிட்டால்? தொகையை மாற்றிவிட்டால்? எல்லாப் பயமும் அது எதையாவது செய்துவிடுமோ என்பதுதான். அதனால் எதையும் மாற்ற முடியாதபடி, படிக்க மட்டும் உரிமை கொடுப்பது என்று முடிவானது. எல்லோருக்கும் நிம்மதி.

எந்தக் கணக்கின் சாவியைக் கொண்டு இணைப்பது என்ற கேள்வி வந்தது. சாவி என்று நாங்கள் சொன்னது மென்பொருளுக்குள் நுழைய விடும் ரகசியக் குறியீட்டை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாவி என்றால் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றான் கிரண். "உங்க கீய போட்டுடலாம் மேடம், உங்களுக்குத்தான் எல்லாமே தெரியும். அப்புறமா பிரிச்சுக்கலாம். படிக்க மட்டும்தானே, ஏனு ஆகல்லா." ஒன்றும் ஆகாது என்கிறான். எனக்கு உறுத்தியது. ஆனால் எது உறுத்துகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அறையில் சொல்லத் தெரியாத உறுத்தலுக்கு இடமும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுதும் உரிமையைப் பூட்டிவிட்டு நாங்கள் கை கழுவிவிட்டோம். படிக்கும் உரிமையைப் பற்றி ஒருவரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

அன்று காலை எல்லா ஊழியர்களுக்கும் உதவியாளரைத் திறந்துவிட்டோம். நடுப்பகலில் தாய் நிறுவனத்திலிருந்து வந்தவர்களுக்கு மேல்மாடி ஹாலில் எம்.டி. அதைக் காட்டுவதாக ஏற்பாடு. யார் என்ன கேட்டார்கள் என்பது என் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது. 'நன்ன பில் எல்லி?', என் பில் எங்கே என்று கன்னடத்தில் ஒருவர். 'என் டிபன் பில்லை ஏன் திருப்பினாங்க, மேடம்க்கு என் மேல என்ன கோபம்?' என்று ஒருவர். சிரித்துக்கொண்டே திரையைக் கீழே நகர்த்தினேன்.

மகேஷ் கேட்டிருந்தான்: 'நித்யா டெய்லி எங்க இறங்குறா?'

உதவியாளர் பணிவாகப் பதில் சொல்லியிருந்தது. அவர் தற்போது ஜோகுபாளையத்தில், முனீஸ்வரன் கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், பச்சை கேட் உள்ள வீட்டில் வசிப்பதாகக் குறிப்பிட்டுள்ளார். இந்த விவரம் மகேஷுக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டுள்ளார். வேறு ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?

விரும்பியிருக்கிறான். அடுத்த கேள்வி: 'அவ வீட்டை விட்டு எப்போ கிளம்புவா?'

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் விற்பனைப் பிரிவைப் பார்த்தேன். அவன் நாற்காலி காலி. அலமாரி மேல் எப்போதும் இருக்கும் ஹெல்மெட்டும் இல்லை.

நித்யாவைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். 'கதவைத் திறக்காதே, என்னைக் கூப்பிடு' என்று செய்தி அனுப்பினேன். கிரணை இழுத்து வந்து திரையைக் காட்டினேன்.

அவன் படித்துவிட்டு, "அய்யய்யோ" என்றான். பிறகு, "நாம படிக்க மட்டும்தானே கொடுத்தோம் மேடம்."

"படிச்சிடுச்சு கிரண்."

"அர்த கண்டெ மேடம். அரை மணி நேரம். டெமோ முடிஞ்சதும் நானே ஆஃப் பண்றேன். எம்.டி.ய கேட்காம இப்போ பண்ணா என் கதை முடிஞ்சுது."

"அவன் வண்டியில போயிட்டிருக்கான். சிக்னல்ல நின்னு இன்னொண்ணு கேட்பான். இதுவும் பதில் சொல்லும்."

"பதில் போயிடுச்சே மேடம். இப்போ நிறுத்தி என்ன பிரயோஜனம்?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. உங்களுக்கும் யாராவது இதைக் கேட்பார்கள். அந்தக் காரணக் கட்டத்தில் இன்னும் எத்தனை பெண்களின் வீடு இருக்கிறது, எத்தனை பேர் மருத்துவச் சீட்டு இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் படித்தவள் நான். போனது போகட்டும், போகாதது இருக்கிறது. "சாவி என்னோடது கிரண். நான்தான் எடுத்தேன்னு சொல்லு" என்றேன். மென்பொருளில் இணைப்புப் பக்கத்தைத் திறந்து என் சாவியை ரத்து செய்தேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

கிளம்பும்முன், பதற்றத்தில் சற்று முன் படித்த அவள் முகவரிகூட எனக்குச் சரியாக நினைவில்லை. நித்யாவின் பழைய பில்லைத் திறந்து சந்து எது, கேட்டின் நிறம் எது என்று பார்த்துக்கொண்டேன். சற்று முன் மகேஷ் செய்த அதே காரியம்.

ஆட்டோ பிடித்தால் வழியில் எங்கோ ஒரு சிக்னலில் மாட்டிக்கொள்வேன் என்று மெட்ரோவுக்கு ஓடினேன். நடைமேடையில் நிற்கும்போது எம்.டி. கூப்பிட்டார்.

"என்ன பண்ணீங்க நீங்க? பாதியில நிக்குது. வந்தவங்க எல்லாம் என் மூஞ்சியப் பாக்கறாங்க."

"சாவியை நான்தான் சார் எடுத்தேன்."

"ஏன்? அப்படி என்ன தலை போற அவசரம்?"

"போன் ஸ்பீக்கர்ல இருக்கா சார்?"

"ஆமா, எல்லாரும் கேட்டுட்டுதான் இருக்காங்க. சொல்லுங்க."

"அப்போ சொல்ல முடியாது சார்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "அப்போ நாளைக்கு வர்றப்போ எழுத்துல கொண்டு வாங்க. எல்லாத்தையும்" என்று வைத்துவிட்டார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே என் பக்கம் நியாயம் வந்திருக்கும். ஆனால் நித்யாவின் வீட்டு விஷயம் ஹால் முழுக்கப் பரவியிருக்கும். அன்று நான் பதறாமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மெஜஸ்டிக்கில் மாறினேன். ரயில் சுரங்கத்துக்குள் போனதும் சிக்னல் போய்விட்டது. எதிரே ஒரு அம்மா குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்கார இடமிருந்தும். என் மகளுடைய அலுவலகத்திலும் இப்படி ஒரு கட்டம் இருக்குமோ, அவள் அதில் என்ன எழுதுவாளோ, அதைப் படிக்கிற ஆள் எப்படிப்பட்டவரோ என்று ஓடியது. அல்சூரில் இறங்கிக் கீழே வந்ததும் நித்யாவுக்குப் போன் போட்டேன். மணி போனது. எடுக்கவில்லை.

சந்துக்குள் திரும்பியதும் பைக்கைப் பார்த்தேன். பச்சை கேட்டுக்கு வெளியே மகேஷ் நின்றிருந்தான், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு. கேட்டுக்கு உள்ளே கீழ்வீட்டு அம்மா. வீட்டுச் சொந்தக்காரர் அவர்தான். ஒரு கையில் மகேஷ் கொடுத்த ஸ்வீட் பெட்டி, இன்னொரு கையில் கேட் சாவி.

"என் ஒய்ஃப்தாம்மா. சின்ன சண்டை. கோச்சுக்கிட்டு வந்துட்டா. அம்மா மாதிரி இருக்கீங்க, நீங்களே சேர்த்து வையுங்க."

"அடப்பாவமே, புருஷன் இருக்கறதையே சொல்லலியே அது. சரி, வெயில்ல ஏன் நிக்கற, உள்ள வா" என்று அந்த அம்மா சாவியைப் பூட்டில் நுழைத்தார்.

"ஒரு நிமிஷம்மா" என்றேன். மூச்சு வாங்கியது. மகேஷ் திரும்பிப் பார்த்தான். முகத்தில் துளியும் கலக்கமில்லை.

"என்ன மேடம், நீங்களே வந்துட்டீங்க! டிராவல் பில் போடுவீங்களா இதுக்கு?"

"மகேஷ், ஆபீசுக்குப் போ."

"நான் என்ன திருடினேனா? சுவர் ஏறிக் குதிச்சேனா? கம்பெனி கொடுத்துச்சு, கேட்டேன், சொல்லுச்சு. உங்க சாவிதானாமே, கிரண் காலையில பெருமையா சொன்னான்."

அவன் சொன்னதில் பொய் எதுவுமில்லை. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா பேஜாருடா இது" என்றார். "நீ யாரு கண்ணு?"

அந்தப் பெண்ணின் கையை உடைத்தவன் இவன் என்று ஒரு வரி சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கை முறிந்ததும் வீடு மாறியதும் நித்யா எனக்கு மட்டும் எழுதியவை, இவன்தான் காரணம் என்பது நானாகப் புரிந்துகொண்டது. தெருவில் மூன்று வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. ஏற்கனவே ஒருமுறை அவளைக் கேட்காமல் அவள் எழுதியது வெளியே போயிருக்கிறது.

"நான் அவ கூட வேலை பாக்கறவ. கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி அவளை ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா. அவ திறன்னு சொன்னா நானும் பேசாம போயிடறேன்."

"அதான் நாயம்" என்றார் அந்த அம்மா. சாவியைப் பூட்டிலிருந்து உருவினார். மாடியைப் பார்த்து, "நித்தி! ஏ நித்தி! வெளிய வா, உன்னைக் கேட்டுனு ஆளுங்க வந்துக்கறாங்கோ!" என்று கத்தினார்.

நித்யா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாடிக் கம்பியருகே வந்தாள். குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு என்னை. அவன் குரல் தேனாக மாறியது. "நித்தி, இறங்கி வாடா. பேசிக்கலாம்."

"திறக்காதீங்க ஆன்ட்டி" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

அந்த அம்மா ஸ்வீட் பெட்டியைக் கேட்டின் கம்பி வழியாக அவனிடமே நீட்டினார். "எடுத்துனு போ நைனா. உனக்கு அறிவா சொல்றேன், இங்க நிக்காத. எங்க பசங்க சாப்பாட்டுக்கு வர்ற நேரம்."

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினான். வண்டியைக் கிளப்பிவிட்டு மாடியைப் பார்த்துச் சிரித்தான். "பரவாயில்ல. வீடு தெரிஞ்சுபோச்சு. இனிமே என்ன அவசரம்?"

பைக் சத்தம் மறைந்தது. பிறகு நித்யா கீழே வந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டாள்:

"உங்களுக்கு மட்டும்தானே அக்கா எழுதினேன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். இணைப்பு, சாவி, அவன் கேட்டது, அது சொன்னது. அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இப்போ நான் எங்க போறது?" என்றாள்.

"எங்க வீட்டுக்கு வா. இன்னிக்கே வா."

"மல்லேஸ்வரத்துல உங்க வீடு எதுன்னு ஆபீஸ்ல தெரியாதவங்க யாரு அக்கா? நவராத்திரிக்கு எல்லாரும் வந்திருக்கோமே. அவரும் வந்திருக்காரு."

அந்த அம்மா குறுக்கிட்டார். "முதல்ல ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுக்கலாம் வா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம். நான் வரேன் உன்கூட." நானும் கூடவே போக நகர்ந்தேன். நித்யா கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க வேண்டாம் அக்கா. நான் எங்க போறேன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் எழுத்தில் கொடுத்தேன், எம்.டி. கையில் மட்டும். படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "ஸ்பீக்கர்ல சொல்லாம இருந்தீங்களே" என்றார். விசாரணை நடந்தது. கம்பெனி கொடுத்தது, கேட்டேன் என்று அதே வாதத்தை மகேஷ் அங்கேயும் வைத்தான். போலீஸ் புகாரும் சேர்ந்ததால் வேலையை விட்டுப் போனான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது நிம்மதியான செய்தி அல்ல. நித்யாவும் ராஜினாமா செய்தாள். கிரண் ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி வைத்து இணைப்பைத் திரும்பக் கொண்டுவந்தான். அவரவர் பில் அவரவருக்கு. காரணக் கட்டம் உதவியாளரின் கண்ணுக்கே படாது. எல்லாம் நன்றாக நடக்கிறது என்கிறார்கள். நடக்கட்டும். நான் ஏஐ வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். யார் பெயரில் அது படிக்கிறது, யாருக்குப் படித்துச் சொல்கிறது என்று கேளுங்கள். இணைக்கும் முன்பு அந்த மென்பொருளில் மனிதர்கள் உண்மையில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏதோ உறுத்துகிறது, ஆனால் சொல்லத் தெரியவில்லை என்றால் கூட்டத்தை அரை நாள் தள்ளிப் போடுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்துங்கள். ஏன் நிறுத்தினேன் என்பதை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக்கூடாது என்பதையும் அதே நேரத்தில் யோசியுங்கள். இரண்டாவதுதான் கடினம்.

இதை எழுத நித்யாவின் அனுமதி வேண்டியிருந்தது. அவள் எண்ணை மாற்றிவிட்டாள். அவளுடைய பழைய தோழி ஒருத்தி மூலம் சொல்லி அனுப்பினேன். சில நாள் கழித்து, பெயர் காட்டாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நல்லா இருக்கேன் அக்கா. எழுதுங்க. என் பேரு, தெரு, கோயில் எல்லாம் மாத்திடுங்க."

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா நடக்குதா?"

"நடக்குது. வேலை கிடைச்சிருக்கு. கை சரியாயிடுச்சு, குடம்கூடத் தூக்கறேன்."

அவள் பஸ்ஸில் இருந்தாள் போலிருக்கிறது. இன்ஜின் சத்தம், சில்லறை குலுங்கும் சத்தம். எந்த ஊர் பஸ் என்று என் மனம் பரபரத்தது. எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், ராத்திரி கதவைப் பூட்டிக்கொள்கிறாயா என்று கேட்க வாய் துடித்தது. அந்தப் பக்கம் பஸ் மெதுவாக நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்ல உரக்கத் தொண்டையைச் செருமினார்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் இறுக்க மூடிக்கொண்டேன்.